உச்சிப்புல்லும் ஒன்பது முழத் திரியும்

நெட்டைக்கரடு என்கிற பாறைக்குன்றின் உச்சியில் இறகுப்பந்து விளையாடலாம் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியது. ஆடி மாதக் காற்றில் அந்த உச்சியில் வெள்ளாடுகூட நாலு காலையும் அகட்டி ஊன்றித்தான் நிற்கும். அங்கே இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே வலை கட்டி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு பந்தடிக்கப் போகிறார்களாம்.

"அடிக்கட்டும், அடிக்கட்டும். ஒரு அடி அடிச்சா பந்து ஊத்துக்குளி டேசன்ல போயி உழுகும். டிக்கட் எடுத்துட்டுப் போயிப் பொறுக்கிட்டு வரட்டும்" என்றாள் மயிலாத்தாள். எருமையின் மடியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

சேதி கொண்டுவந்த புருசன் ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. கரட்டடி ஊரிலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிப்போய், திருமூர்த்தியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவர் அவர். முதலாளியைப் பற்றி யாராவது சிரித்தால் அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

"எளக்காரமாப் பேசாத. மொதலாளி பிளான் போட்டு வெச்சிருக்கறாரு. கார்த்திகை தீபம் முடிஞ்சதும் உச்சியில இருக்கற புல்லைச் செதுக்கிப்போட்டு, சமன் பண்ணி, சுண்ணாம்புக் கோடு போடறதாம்."

மயிலாத்தாளின் கை மடியிலேயே நின்றது.

"எந்தப் புல்லை?"

அவர் லுங்கியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருசம், ஐப்பசி. மயிலாத்தாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அமராவதித் தண்ணீர் பாயும் கொமரலிங்கத்தில் பிறந்தவள். நெல் வைக்கோலைப் போர் போராகப் பார்த்து வளர்ந்தவளைக் கொண்டுவந்து, வேலாமுள்ளும் பாறையுமாகக் கிடக்கும் இந்தக் கரட்டடியில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த முதல் வாரமே புகுந்த வீட்டார் கரட்டைக் காட்டிப் பெருமை பேசினார்கள். உச்சியில் நின்றால் எட்டு ஊர் தெரியும் என்றார்கள். "எட்டு ஊரு தெரிஞ்சு என்ன பண்றது, ஒரு ஊட்டுலயும் வெக்கப்புல்லு தெரியக் காணமே" என்று அவள் கேட்டது ஊரெல்லாம் பரவி, மூன்று மாதம் அவளை யாரும் பேச்சுக்கு இழுக்கவில்லை.

ஆனால் அவளே போய்ப் பார்த்தாள். உச்சியில் இரண்டு ஏக்கருக்குச் சமதளம். ஓரத்தில் ஒரு சின்ன முருகன் கோயில், அதன் முன்னால் தீபக் கொப்பரை. மீதியெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஐப்பசி மழைக்குத் துளிர்த்து, கார்த்திகையில் இடுப்புயரம் நின்று, மார்கழியில் கதிர் முற்றும். அறுத்துப் பாறைமேல் காயவைத்துக் கட்டிக் கொண்டுவந்தால் அடுத்த ஆடி வரைக்கும் இரண்டு எருமைக்குக் கவலையில்லை. கீழே காடெல்லாம் தீய்ந்து கிடக்கும் சித்திரையிலும் அவள் எருமைகள் இரண்டு வேளை கறந்தன. அவள் எடுக்கும் வெண்ணெய் ஊத்துக்குளிச் சந்தைக்குப் போனது. புருசன் சம்பளம் பஸ்ஸுக்கும் பெருமைக்கும் சரியாக இருந்தது. வீடு நடந்தது புல்லால்.

அந்தப் புல்லை யார் வேண்டுமானாலும் அறுத்துவிட முடியாது. அதற்கு ஒரு முறை இருந்தது. கார்த்திகை தீபத்துக்குத் திரி திரித்துக் கொடுக்கிற வீட்டுக்கு அந்த வருசத்து உச்சிப்புல் சொந்தம். திரி என்றால் சுண்டுவிரல் சமாச்சாரமில்லை. ஒன்பது முழம் பருத்தி வேட்டி, கட்டிக் கட்டித் துவைத்துக் கஞ்சியெல்லாம் போனதாக இருக்க வேண்டும். புதுத்துணி நெய்யைக் குடிக்காது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்க வேண்டும். ஆறுமுகசாமி வீட்டில்தான் வழிவழியாக அந்த வேலை. இருபத்தைந்து வருசமாக ஒரு முனையைப் பிடித்தவள் மயிலாத்தாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த உச்சிக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது.

வியாதி திருமூர்த்திக்கு. அவனும் இதே ஊர்க்காரன்தான். சின்ன வயதில் இதே கரட்டில் ஆடு மேய்த்து, சுனையில் விழுந்து, ஆட்டுக்காரிகள் காலைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தவன். திருப்பூர் போய் நாலு தையல் மிஷின் போட்டு, அது நாற்பதாகி, கார் வாங்கி, தொப்பை வந்து, எண்பத்தாறில் சர்க்கரையும் வந்தது. நட என்றார் டாக்டர். ரோட்டில் நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதனால் காரில் கரட்டடி வரைக்கும் வந்து, மேலே நடந்தான். அவன் நடந்ததால் சாயப்பட்டறைக்காரர் நடந்தார், நூல் வியாபாரி நடந்தார், பாக்ஸ் கம்பெனிக்காரர் நடந்தார். மூன்றாம் மாதம் 'உச்சி நண்பர்கள் குழு' என்று போர்டு வைத்தார்கள். பாதி தூரம் ஏறினதும் உட்கார்ந்து மூச்சு வாங்க இரண்டு சிமென்ட் பெஞ்சும் போட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒரு கூத்து. சித்திரையில் சூரிய உதயம் பார்க்க வந்தார்கள். "நம்மூட்டுச் சூரியன் இவீகளுக்குத் தெரியாம எங்க ஒளிஞ்சிருந்துச்சு?" என்பாள் மயிலாத்தாள், அவர்களுக்கு முன்பே ஏறிச் சுள்ளி பொறுக்கி இறங்கிக்கொண்டே. ஆடியில் அவளும் பக்கத்து வீட்டுப் பழனாயியும் எள்ளையும் கொள்ளையும் உச்சிப்பாறைக்குக் கொண்டுபோய்த் தூற்றுவார்கள். அந்தக் காற்றுக்கு முறத்தை உயர்த்தினால் போதும், தூசி தனியாகப் பறந்துவிடும். அதே காற்றில் குழுக்காரர்கள் பாலித்தீன் பையில் பட்டம் செய்து விட்டார்கள். அறுந்த பட்டமெல்லாம் வேலாமுள்ளில் மாட்டிக்கொண்டு ஆவணி முடிய சடசடத்தது. ஐப்பசியில் மேகம் இறங்கினால், "அப்படியே ஊட்டிதான் போ" என்று போட்டோ எடுத்தார்கள். மேகத்தில் எடுத்ததால் போட்டோவில் யாரும் தெரியவில்லை. அதுவரைக்கும் நல்லது. தை மாதம் தேங்காய்த் தொட்டிக்கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் முட்டைப் பொரியலும், எச்சில் இலையை எடுக்காமல் வந்துவிடுவதும். அந்த இலையை எருமை தின்று வயிறு கெட்டுவிடாமல் பொறுக்கினது யார் என்று எந்தப் போர்டிலும் எழுதவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் கூடை சுமந்துகொண்டு முன்னால் போனது ஆறுமுகசாமி. "மாஸ்டர் இல்லாட்டி நம்ம குழுவே இல்லீங்" என்று திருமூர்த்தி ஒருநாள் சொல்லிவிட்டான். மனிதருக்கு அது போதும்.

அதனால்தான் அன்றைக்கு எருமைக் கட்டுத்தரையில் கேட்ட கேள்விக்கு அவர் லுங்கியைத் தேடப் போனார். மயிலாத்தாள் பால் சொம்போடு உள்ளே போய் மறுபடி கேட்டாள்.

"திரி திரிக்கற ஊட்டுப் புல்லுங்க அது. அவீக எப்படிச் செதுக்குவாங்க?"

"இந்த வருசம் திரி கம்பெனியில இருந்து வருது."

"ஆரு சொன்னது?"

"மொதலாளி பூசாரிகிட்டச் சொல்லீட்டாரு. வெளிநாட்டு ஆர்டர் புடிச்சுக் குடுக்கற ஏஜெண்ட் ஒருத்தர் மெட்ராஸ்ல இருந்து தீபம் பார்க்க வாறாரு. அவருக்கு முன்னால நம்ம கம்பெனித் துணியிலயே எரியோணும்னு ஆசைப்படறாரு. நான்தான் திரிக்கறேன்."

"நீங்கதான் திரிக்கறீங்க. அப்ப புல்லு நமக்கு."

"கம்பெனித் துணியில்ல அது? புல்லு குழுவுக்கு." சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார். "போர்டுல என்ற பேரும் எழுதறாங்களாம்."

"உங்க பேரை எருமைக்குப் போட்டாத் திங்குமுங்களா?"

 

மயிலாத்தாள் பூசாரி அப்புசாமியிடம் போனாள். அவர் நல்ல மனிதர். கோயிலுக்கு வெள்ளையடித்துத் தருகிறவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர். "அம்முணி, முறைன்னா முறைதான். திரி எந்த ஊட்டுல இருந்து வருதோ, கொப்பரையில எந்தத் திரி எரியுதோ, அவீகளுக்குத்தான் புல்லு. உன்ற ஊட்டுக்காரரே கொண்டுபோயிக் கம்பெனிக்குக் குடுத்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"கொப்பரையில எந்தத் திரி எரியுதோ அவீகளுக்கு. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்."

தீபத்துக்கு முதல் நாள் ஆறுமுகசாமி ஒரு பெரிய திரியைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கட்டிங் டேபிளில் வைத்து முறுக்கியதாம். வெள்ளை வெளேரென்று, கைத்தண்டு பருமனில், பூனை வால்போலப் புசுபுசுவென்று இருந்தது. குளிர்நாட்டுக்குப் போகிற உடுப்புக்கு வெட்டுகிற துணி. அந்த மாதம் கம்பெனியில் அந்த ஒரு லாட், அந்த ஒரு ஆர்டர்ச் சரக்குதான் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மெட்ராஸ் ஏஜெண்டுக்காக.

மயிலாத்தாள் தொட்டுப் பார்த்தாள். ஒரு நூலை உருவி அடுப்பு நெருப்பில் காட்டினாள். திருப்பூர்ப் பக்கத்தில் இதைச் செய்யத் தெரியாத பெண் கிடையாது. பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். இந்த நூல் சுருங்கிக்கொண்டு ஓடி, நுனியில் கறுப்பாகக் கடுகுபோல உருண்டு நின்றது. விரலால் நசுக்கினாள். நசுங்கவில்லை.

"பி.சி. துணிங்க இது. பாதிக்குப் பாதி பாலியஸ்டர்."

"லேபிள்ல நூறு பர்சன்ட் காட்டன்னு அடிச்சிருக்குது."

"லேபிளையா கொப்பரையில பத்த வெக்கறீங்க? ஏனுங்க, இருவது வருசமாத் துணி வெட்டறீங்க. தொட்டா உங்களுக்குத் தெரியாது?"

அவருக்குத் தெரியும். அவர் முகத்திலேயே தெரிந்தது. தெரிந்ததை முதலாளியிடம் சொன்னால், லாட் முழுக்கக் கலப்படம் என்பதும் தெரியும் என்று ஆகிவிடும். அதற்குத் தெரியாமலேயே இருந்துவிடுவது சுலபம்.

"நெய்யில ஊறுனா எல்லாம் எரியும். நீ வாயை வெச்சுட்டுச் சும்மா இரு. நம்ம பழைய திரி கிரிய எடுத்துட்டு மேல வந்து என்ற மானத்தை வாங்கீராத."

மயிலாத்தாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவர் தூங்கப்போனதும், பெட்டியில் துவைத்து வைத்திருந்த ஒன்பது முழ வேட்டியை எடுத்தாள். ஒரு முனையைக் கதவு நாதாங்கியில் கட்டி, மறுமுனையைத் தனியாகவே முறுக்கினாள்.

மறுநாள் மதியத்துக்கே ஊர் ஏற ஆரம்பித்தது. வீட்டுக்கொரு நெய்ச்சட்டியோடு பெண்கள் தலைச்சுமையாக ஏறினார்கள். ஆறுமுகசாமி பாதி வழியில் சிமென்ட் பெஞ்சருகே நின்று மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"பழைய திரி ஒண்ணும் கொண்டாரலயே?"

மயிலாத்தாள் தலையில் சும்மாடும், சும்மாட்டின்மேல் நெய்ச்சட்டியுமாக நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "என்ற கையில என்னங்க இருக்குது? வேணும்னா மடியையும் அவுத்துக் காட்டட்டுமா, ஊரு பார்க்கட்டும்."

"போ, போ" என்றார்.

பின்னால் வந்த பழனாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனக்கா, சும்மாடு இந்தத் தடவை ரொம்பப் பெருசாட்ட இருக்குது?"

"தலை பெருத்துப்போச்சு. உச்சி நண்பர்களோட சேர்ந்தா அப்படித்தான்."

மேலே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றைச் சுமந்து வந்த கம்பெனி ஆட்கள் பாறையில் மல்லாந்து கிடந்தார்கள். புல்லின் நடுவே இறகுப்பந்துக் கம்பம் இரண்டும் வலையோடு நின்றன. ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் ஒத்திகை பார்த்தார்களாம். ஆறு பந்தும் தெற்குப் பள்ளத்தில் போய்விட்டதால் கால்மணி நேரத்தில் ஆட்டம் முடிந்ததாம். புல்லைச் செதுக்கினால் காற்று நின்றுவிடும் என்று எந்தப் படித்தவன் சொன்னானோ.

மெட்ராஸ் ஏஜெண்ட் சிவசுப்பிரமணியம் ஒல்லியான மனிதர். ஷூவுக்குள் முள் ஏறி நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். திருமூர்த்தி பட்டுப்போல மின்னும் ஜரிகை வேட்டியில் நின்றுகொண்டு கையை நீட்டினான்.

"பாருங்க சார். இந்தத் திரி முழுக்க நம்ம ஆர்டர்த் துணிங்க. உங்க லாட்லயே வெட்டுனதுங்க. நூறு பர்சன்ட் காட்டன். எங்க கம்பெனியில வேற துணிக்கு எடமே இல்லீங் சார்."

திருமூர்த்தி அப்போதுதான் திரியைக் கிட்டத்தில் பார்த்தான். மாஸ்டர் எங்கிருந்தாவது நல்ல பருத்தி எடுத்திருப்பார் என்று நினைத்துத்தான் பெருமை அடித்தான், இது அந்தக் கலப்பட லாட்டேதான். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எந்த லாட் என்று வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இதை எரிக்காதே என்று இனி எப்படிச் சொல்வது?

கிழக்கே நிலா தலைகாட்டியதும் பூசாரி சூடத்தை ஏற்றித் திரியில் வைத்தார். குபீரென்று ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்தது. "அரோகரா" என்றது கூட்டம். அடுத்த அரோகராவுக்குள் தீ உட்கார்ந்துவிட்டது. கரும்புகை கிளம்பியது. பழைய பிளாஸ்டிக் வாளியைக் கொளுத்தியதுபோல நாற்றம். திரி நெளிந்து, குறுகி, கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகி, கொப்பரை விளிம்பில் கட்டியாக உறைந்தது. பூசாரி மறுபடி சூடம் வைத்தார். சூடம் எரிந்தது. திரி எரியவில்லை.

ஏஜெண்ட் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். ஒரு குச்சியால் சொட்டைத் தொட்டு எடுத்து, ஆறவிட்டு, இரண்டு விரலால் உருட்டினார்.

"என்ன திருமூர்த்தி இது?"

"காத்துங்க சார். உச்சியில காத்து எச்சுங்க."

"காத்து அடிச்சா அணையும், சரி. காத்து அடிச்சா உருகுமா?"

திருமூர்த்தி ஆறுமுகசாமியைப் பார்த்தான். ஆறுமுகசாமி நிலாவைப் பார்த்தார்.

பூசாரிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கீழே எட்டு ஊரும் இருட்டாகக் கிடந்தது. உச்சியில் தெரிந்தால்தான் வாசலில் விளக்கு வைப்பார்கள். "பருத்தித்துணி ஆருகிட்டயாச்சும் இருந்தாக் குடுங்க சாமி! ஒரு வேட்டி போதும்!" என்று கத்தினார்.

ஊர்க்காரர்கள் திருநாளுக்கென்று கஞ்சி மொடமொடக்கும் புதுத்துணியில் வந்திருந்தார்கள், அது நெய்யைக் குடிக்காது. அத்தனை பனியன் முதலாளிகள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமூர்த்தி வேட்டி பாலியஸ்டர். சாயப்பட்டறைக்காரர் சட்டை டெரிகாட்டன். நூல் வியாபாரி நைலான் டிராக் சூட். உலகத்துக்கெல்லாம் பருத்தி உடுத்தி அனுப்புகிற கூட்டத்தில் எரிக்க ஒரு முழம் பருத்தி இல்லை. ஆறுமுகசாமி மட்டும் உள்ளே போட்டிருந்த பனியனைக் கழற்றட்டுமா என்று கேட்டார். "அது எந்த மூலைக்கு? போட்டுட்டே இருங்க, குளுரும்" என்றார் பூசாரி.

மயிலாத்தாள் முன்னால் வந்தாள். நெய்ச்சட்டியை இறக்கிப் பாறையில் வைத்தாள். தலையிலிருந்த சும்மாட்டைக் கையில் எடுத்தாள். அதை இன்னும் பிரிக்கவில்லை.

"பூசாரி ஐயா, கொப்பரையில எந்தத் திரி எரியுதோ அந்த ஊட்டுக்குப் புல்லு. இன்னொருக்காச் சொல்லுங்க."

"ஆமா அம்முணி, அப்படித்தான்."

"நீங்க சொல்லிப் பத்தாது. திருமூர்த்தித் தம்பி சொல்லட்டும்."

"இந்த நேரத்துல அதைப் பேசறதுங்களா அக்கா?" என்றான் திருமூர்த்தி.

"இந்த நேரத்துலதான் பேசோணும். எரிஞ்சு முடிஞ்சா அப்பறம் என்ற பேச்சை ஆரு கேக்கறது? கீழ எட்டு ஊரு நிக்குது. வெரசாச் சொல்லுங்க."

"புல்லு உங்களுக்குத்தானுங்க."

"பந்தடி?"

"இல்லீங்க."

"செதுக்கறது?"

"ஒண்ணுமில்லீங்க, தாயே, எடுங்க!"

அவள் சும்மாட்டின் முனையைப் பிடித்து உதறினாள். ஒன்பது முழமும் முறுக்கோடு அவிழ்ந்து விழுந்தது. பழனாயி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். நெய்யில் முக்கி, கறுப்புக் கட்டியைச் சுரண்டித் தள்ளிவிட்டுக் கொப்பரையில் சுருட்டி வைத்தார்கள். பூசாரி ஒரே தடவைதான் சூடம் வைத்தார். தீ சத்தமில்லாமல் ஏறி, காற்றுக்குச் சாய்ந்து, நிமிர்ந்து நின்றது. கீழே முதலில் ஒரு விளக்கு, அப்புறம் பத்து, அப்புறம் எண்ணி மாளவில்லை.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மயிலாத்தாள் பாக்ஸ் கம்பெனிக்காரர் கையிலிருந்த நெய்க்கரண்டியைப் பிடுங்கினாள். "அப்படி ஊத்துனா அணைஞ்சு போயிரும். அட்டைப் பொட்டிக்குப் பசை தடவறதாட்டம் தடவாதீங்க."

ஏஜெண்ட் அந்தக் கறுப்பு உருண்டையைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நொண்டி நொண்டி இறங்கிப்போனார்.

லாட் திரும்பி வந்தது. கம்பெனி மூலையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. திருமூர்த்திக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், உயரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். உச்சி நண்பர்கள் தரையிலேயே நடந்தார்கள். ஆறுமுகசாமியை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் எதையாவது பேசிவிடலாமே.

மார்கழியில் மயிலாத்தாளும் பழனாயியும் அரிவாளோடு ஏறினார்கள். மூன்றாம் நாள் ஆறுமுகசாமியும் லீவு போட்டுவிட்டு வந்தார். ஒன்றும் பேசாமல் குனிந்து அறுத்தார். துணி வெட்டுகிற கை, புல்லையும் ஒரே மட்டமாக வெட்டியது. அதை அவள் சொல்லிப் பாராட்டவில்லை.

"கட்டறதுக்குக் கயிறு கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

"எதுக்குக் கயிறு?" என்று சொல்லிவிட்டு, மயிலாத்தாள் இறகுப்பந்து வலையைக் கம்பத்திலிருந்து அவிழ்த்தாள். தரையில் விரித்து, புல்லை அள்ளிப் போட்டு, நாலு மூலையையும் இழுத்து முடிந்தாள். நல்ல வலை. ஒரு புல்கூட ஒழுகவில்லை.

"தூக்கி உடுங்க" என்றாள்.